வீட்டில் ஆள் வைத்துப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது: பெங்களூர் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊரில் தனியாக இருந்த அப்பாவையோ அம்மாவையோ பெங்களூருக்கு அழைத்து வந்து, வேலைக்கும் போக வேண்டியிருப்பதால் பகலுக்கோ இரவுக்கோ அட்டெண்டர் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களிடமிருந்து வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். இங்கே இருப்பது அன்றாடப் பராமரிப்பும் பாதுகாப்பும்.

அட்டெண்டர், ஆயா, நர்ஸ்னு ஏஜென்சியில ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எங்க அம்மாவுக்கு யார் வேணும்?

பேரை விடுங்கள், என்ன வேலை என்று பாருங்கள். குளிப்பாட்டுவது, உடையும் டயாப்பரும் மாற்றுவது, பிடித்து நடக்க வைப்பது, வாயால் ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது இவையெல்லாம் பயிற்சி பெற்ற அட்டெண்டரின் வேலை. ஊசி போடுவது, வயிற்றுக்கு உணவு போக மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் நுழைப்பது, சிறுநீர் வடியும் குழாயான யூரின் கதீட்டரை மாற்றுவது, ஆழமான புண்ணுக்கு டிரெஸ்ஸிங், சளி உறிஞ்சும் சக்‌ஷன் இவற்றுக்கு ஏஎன்எம் அல்லது ஜிஎன்எம் என்ற நர்சிங் படிப்பு முடித்த நர்ஸ் வேண்டும். நர்ஸ் என்று அனுப்பினால் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்காமல் கொடுப்பார்கள், தயங்கினால் யோசியுங்கள்.

பெரும்பாலும் தப்பு நடப்பது வேலைக்குச் சேர்க்கும் அன்று அல்ல, இரண்டாவது மாதம். அட்டெண்டர் வீட்டோடு பழகிவிடுவார், "இன்சுலினையும் நீயே போட்டுடும்மா" என்று ஆரம்பித்துவிடுவோம். ஏற்கெனவே போட்டிருக்கிற ட்யூப் வழியாக உணவு கொடுப்பதை, நர்ஸ் நேரில் சொல்லிக்கொடுத்த பிறகு அட்டெண்டர் செய்யலாம். ட்யூப் கழன்று வந்தால் மறுபடி நுழைப்பது அவர் வேலை இல்லை, உங்கள் வேலையும் இல்லை.

ஏஜென்சியே வெரிஃபிகேஷன் பண்ணியாச்சுன்னு சொல்றாங்க. நாங்க தனியா பண்ணணுமா?

பண்ணுங்கள். அசல் அடையாள அட்டையைப் பார்த்து முகத்தோடு ஒப்பிடுங்கள். சொந்த ஊர் முகவரியும், வீட்டில் ஒருவருடைய போன் நம்பரும் வாங்கி, அந்த நம்பருக்கு ஒருமுறை பேசிவிடுங்கள். கர்நாடகாவில் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு மாநில அரசின் சேவா சிந்து இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். இவற்றையெல்லாம்விட அதிகம் சொல்வது, கடைசியாக வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்கு நீங்களே போன் செய்வது. "நல்லவங்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி கூப்பிட்டா எழுந்திருப்பாங்களா? கோபம் வந்தா என்ன பண்ணுவாங்க? ஏன் நின்னாங்க?" என்று கேளுங்கள்.

பலர் கோட்டை விடுவது மாற்று ஆள் விஷயத்தில். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக வருகிறவருக்கு லீவு, வேறு யாரோ வருவார். அவருக்கும் இதே சோதனை உண்டு. பேரும் போட்டோவும் முன்கூட்டியே வராத யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று அபார்ட்மெண்ட் செக்யூரிட்டியிடம் சொல்லி வையுங்கள்.

அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். வர்ற பையன் ஒடியா, கொஞ்சம் இந்தி பேசுறான். எப்படிச் சமாளிக்கிறது?

இதைச் சில்லறை அசௌகரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "நெஞ்சு அடைக்குது" என்று அப்பா சொல்வது அந்தப் பையனுக்குப் புரியாவிட்டால் அது உயிர் விஷயம். மறதி நோய் முற்ற முற்ற, பின்னால் கற்ற கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் முதலில் போய், தாய்மொழி மட்டும் மிஞ்சுவதும் உண்டு. முப்பது வருஷம் சிவாஜி நகரில் கடை நடத்தியவர்கூடக் கன்னடத்தில் கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கலாம்.

இருபது சொற்கள் போதும். தண்ணி, பசிக்குது, வலிக்குது, ஒண்ணுக்கு, வெளிக்கு, குளிருது, மூச்சு முட்டுது, தலை சுத்துது, வேண்டாம், மெதுவா, விடு, யாரையாவது கூப்பிடு, இப்படி. அப்பா உண்மையில் எந்த வார்த்தையைச் சொல்வாரோ அதையே எழுதுங்கள். அவர் "மேலுக்கு முடியல" என்று சொல்கிறவராக இருந்தால் அதுதான் பட்டியலில் இருக்க வேண்டும். அதை அட்டெண்டர் படிக்கத் தெரிந்த எழுத்தில் எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டி, முதல் இரண்டு நாள் நீங்கள் இருந்து சொல்லிப் பழக்குங்கள். அதோடு தினமும் ஒருமுறையாவது, அட்டெண்டர் அறையில் இல்லாதபோது, வீட்டில் ஒருவர் அப்பாவிடம் தமிழில் பேச வேண்டும். ஏன் என்பது கீழே காயங்களைப் பற்றிய கேள்வியில் தெரியும்.

நோட்டு போடுங்கனு எல்லாரும் சொல்றாங்க. அதுல என்னதான் எழுதுறது?

எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார், எத்தனை தடவை சிறுநீர் போனார், மலம் போனாரா, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் புரட்டினோம், எந்த மருந்து எப்போது, தூக்கம் எப்படி, புதிதாகத் தோலில் ஏதாவது தெரிகிறதா. சர்க்கரையும் பிரஷரும் பார்த்தால் அந்த எண். மாதம் ஒருமுறை எடை. எழுதத் தெரியாதவர் என்றால் படம் போட்ட கட்டங்களில் டிக் அடிக்கச் சொல்லுங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் ஐந்து நிமிஷம் சேர்ந்து நின்று, நோட்டைப் பார்த்து, பெரியவரின் முதுகையும் குதிகாலையும் இருவரும் பார்த்துவிட்டு கையெழுத்துப் போட வேண்டும். புண்ணோ காயமோ எந்த ஷிஃப்டில் வந்தது என்ற சண்டைக்கு இடமே இருக்காது. நல்ல அட்டெண்டருக்கும் இதுதான் பாதுகாப்பு. செய்யாத தப்புக்கு அவர் மேல் பழி விழாது. பகல் முழுக்க நடந்ததை ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து ஒரே மையில் எழுதியிருந்தால் பார்த்தவுடனே தெரியும். அப்படிப்பட்ட நோட்டு இருந்தும் பயன் இல்லை.

கையுறை போட்டுக்கிட்டா கை கழுவ வேண்டியதில்லைதானே?

கழுவ வேண்டும். போடுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும், சோப்புப் போட்டு 40 முதல் 60 வினாடி. டயாப்பர் மாற்றிய அதே கையுறையோடு தண்ணீர் டம்ளரை எடுப்பதுதான் நாம் அதிகம் பார்க்கிற தப்பு. ஒரு வேலைக்கு ஒரு ஜோடி, அவ்வளவுதான்.

படுத்த படுக்கையா இருக்காங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும்னு சொல்றாங்க. ராத்திரியுமா?

ராத்திரியும்தான். எலும்பு துருத்தும் இடங்களில் உடம்பின் எடை தொடர்ந்து அழுத்தினால் அங்கே ரத்தம் போகாது, தோல் செத்துப்போகும். மல்லாந்து, இடது பக்கம், வலது பக்கம் என்று மாற்றுங்கள். பக்கவாட்டில் முழுசாக 90 டிகிரி சாய்த்தால் இடுப்பு எலும்பே கட்டிலில் அழுந்தும்; முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் மிதக்கவிடுங்கள். சாப்பாட்டு நேரம் தவிர கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைக்காதீர்கள், உடம்பு கீழே சறுக்கும்போது தோல் இழுபட்டுக் கிழியும். மேலே இழுத்துப் போடும்போதும் அக்குளில் கைகொடுத்து இழுக்காமல், இடுப்புக்கு அடியில் மடித்து விரித்த பெட்ஷீட்டை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்.

தினமும் பார்க்க வேண்டியவை: முதுகெலும்பு முடியும் இடம், இரண்டு இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை, காது மடல். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தில் எடையே படக் கூடாது, அன்றைக்கே நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே சூடாகவோ, கெட்டியாகவோ, கருநீலமாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

ஏர் பெட் வாங்கியாச்சு. இனி புரட்ட வேண்டாம்தானே? பவுடர் போடலாமா?

ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், புரட்டுவதை நிறுத்த அனுமதி தராது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், ஓட்டையைச் சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போவது குறையும். சிவந்த எலும்பு முனையைத் தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள். பவுடர் வியர்வையில் கட்டிக்கொண்டு தோலை உரசும், அதனால் தவிருங்கள். ஈரம் படும் இடத்தில் துடைத்து உலர்த்தி, ஈரத்தைத் தடுக்கும் கிரீம் மெல்லிசாகத் தடவினால் போதும்.

சாப்பிடும்போது இருமல் வருது. வயசானா அப்படித்தானா?

இல்லை. சோறோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்பதற்கான முதல் அறிகுறி அது. சாப்பிட்ட பிறகு குரல் தண்ணீர் கட்டினாற்போல் கொழகொழவென்று கேட்பதும், அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருவதும் அதே கதைதான். நிமோனியாவில் கொண்டுபோய் விடும். விழுங்குவதைச் சோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

அதுவரை: நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, சிறிய ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். டிவியை அணையுங்கள். ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டட்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பெரியவர் அண்ணாந்து பார்ப்பார், தொண்டை திறந்துகொள்ளும். முடித்தபின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ரசம் சாதத்தில் தண்ணீர் வேறு, பருக்கை வேறாக இருப்பது இவர்களுக்குக் கஷ்டம். குழைய மசித்து ஒரே பதமாகக் கொடுங்கள்.

ட்யூப் உணவு என்றால் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி. மூக்கருகே ட்யூபில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நகர்ந்திருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உணவைச் சிரிஞ்சின் உலக்கையால் தள்ளாமல், தானாக இறங்கவிடுங்கள். மெதுவாகக் கரைகிற மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது, ஒரு நாள் மருந்து முழுக்க ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். எவற்றைப் பொடிக்கலாம் என்று மருந்துக் கடைக்காரரிடம் பட்டியலோடு கேளுங்கள்.

இன்சுலின் அதே பத்து யூனிட்தான் போட்டோம். திடீர்னு சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. என்ன ஆகியிருக்கும்?

சாப்பாடு குறைந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சிரிஞ்சைப் பாருங்கள். இந்தியாவில் இன்சுலின் இரண்டு செறிவில் வருகிறது. ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ளது, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு மி.லி.யில் 100 யூனிட் உள்ளது, அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது பத்து அல்ல, 25 யூனிட். நேர்மாறாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் நான்குதான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். கடையில் "இந்த சிரிஞ்ச் இல்ல, இதை வச்சுக்கோங்க" என்று மாற்றிக் கொடுப்பதில்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. மருந்துப் புட்டியும் சிரிஞ்சும் ஒரே டப்பாவில், ஒரே எண் எழுதி இருக்கட்டும். இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் மருந்து இழுக்கவே வேண்டாம்.

வியர்வை, நடுக்கம், உளறல், வழக்கத்துக்கு மாறான கோபம் தெரிந்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்து, நினைவும் இருந்து, விழுங்கவும் முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையை அட்டெண்டரே எடுத்துக் கொடுக்கலாமா? தூங்கறதுக்கு ஏதாவது கேட்டு வாங்கித் தரச் சொல்றாங்களே?

வாரத்துக்கான மாத்திரைகளை நாள், வேளை எழுதிய பெட்டியில் குடும்பத்தில் ஒருவர் பிரித்துப் போடுங்கள். அட்டெண்டர் அந்தக் கட்டத்தில் இருப்பதை மட்டும் எடுத்துக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்து, நோட்டில் குறிக்கட்டும். மீதி அட்டைகள் பூட்டிய அலமாரியில்.

தூக்க மருந்து என்றால் நின்று யோசியுங்கள். பெரியவர் ஏன் தூங்கவில்லை? வலியா, மலச்சிக்கலா, சிறுநீர் அடைப்பா, பகலெல்லாம் தூங்கியதா? தூக்க மருந்தால் இரவில் விழுவதும், உணவு புரையேறுவதும், குழப்பமும் கூடும். பகலில் எழுப்பினாலும் எழாத அளவு தூக்கம் புதிதாக வந்திருந்தால் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். சளிக்குக் கொடுக்கும் சில சிரப்புகளும் இப்படித் தூங்க வைக்கும். ராத்திரி நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் ஒரு மூடி சிரப்பும் துன்புறுத்தல்தான்.

பாத்ரூம்ல கைப்பிடி மட்டும் போட்டா போதுமா?

கைப்பிடி டைல்ஸில் ஒட்டுகிற வகையாக இருக்கக் கூடாது, சுவரில் துளையிட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. கதவுத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு வேண்டும். எழுந்ததும் நடக்கவிடாமல், கட்டில் விளிம்பில் இரண்டு நிமிஷம் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்த வேகத்தில் தலை சுற்றும்.

பெங்களூரில் நாங்கள் மிகவும் பயப்படுவது கேஸ் கீசரைப் பார்த்துத்தான். மார்கழிக் குளிரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், அப்புறம் சத்தமே இருக்காது. கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிட்டு, வாளியில் வெந்நீர் கொண்டுபோங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பெரியவர் மேல் ஊற்ற வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது.

விழுந்துட்டாங்க. எழுப்பி உட்கார வச்சாச்சு, நல்லாத்தான் பேசுறாங்க. ஆஸ்பத்திரி போகணுமா?

அடுத்த முறை உடனே தூக்காதீர்கள். விழுந்த இடத்திலேயே தலையணை கொடுத்து, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், கை கால் அசைகிறதா பாருங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்க வேண்டாம். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவராகவும் இருந்தால், நன்றாகப் பேசினாலும் போக வேண்டும். மூளைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் கழித்துத்தான் தெரியவரும்.

வீட்டுல ஆக்ஸிஜன் மிஷின் ஓடுது. பூஜை விளக்கு ஏத்தலாமா?

அதே அறையில் கூடாது. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் குறைந்தது பத்தடி தள்ளி, முடிந்தால் வேறு அறையில். ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால் அது ஊறிய புடவையும் பெட்ஷீட்டும் ஒரு பொறியில் குப்பென்று பற்றும். உதடு வெடிப்புக்கு வாஸ்லின் போன்ற எண்ணெய்ப் பசையும் வேண்டாம், தண்ணீர் சார்ந்த ஜெல் போதும்.

பெஸ்காம் கரண்ட் போனால் மாற்று சிலிண்டர் தயாராக இருக்கிறதா, அதைத் திறக்க அட்டெண்டருக்குத் தெரியுமா என்று ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதே என்று டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் திருகிவிடக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ள பலருக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதமே டாக்டர்கள் வைக்கும் இலக்கு. கூடினால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும்.

ட்யூபைப் பிடுங்கிடுறாங்கன்னு கையைத் துப்பட்டாவால கட்டி வச்சிருக்காங்க. தப்பா?

தப்பு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவமனைகளிலேயே கட்டிவைப்பதை உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான், அதுவும் மனநல மருத்துவர் அனுமதித்தால்தான் அனுமதிக்கிறது. தண்டனையாகவோ, ஆள் போதாது என்பதற்காகவோ கூடவே கூடாது. அப்படியிருக்க வீட்டில் கட்டிப்போட்டு விட்டு சமையல் பார்ப்பதை எப்படி ஏற்பது? கட்டிய கையில் ரத்த ஓட்டம் நிற்கும், திமிறித் தோள் விலகும், பயம் கூடும்.

பிடுங்குவதற்குக் காரணம் இருக்கும். மூக்கில் பிளாஸ்டர் அரிக்கிறது, கதீட்டர் அடைத்து வயிறு முட்டுகிறது, டயாப்பர் நனைந்திருக்கிறது. அதை முதலில் பாருங்கள். ட்யூபைக் கன்னத்தில் ஒட்டிக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்வையிலிருந்து மறையுங்கள். கைக்கு மடிப்பதற்கு ஒரு துண்டோ, உருட்ட ஜபமாலையோ கொடுங்கள். கட்டில் கம்பியும் எல்லோருக்கும் பாதுகாப்பு அல்ல. குழம்பியவர் அதன் மேல் ஏறிக் குதித்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார், இடுக்கில் கழுத்து மாட்டுவதும் உண்டு. தாழ்ந்த கட்டிலும் தரையில் ஒரு மெத்தையும் மேல்.

கேமரா வைக்கலாமா? அட்டெண்டருக்குச் சொல்லணுமா?

வைக்கலாம், சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். பாத்ரூமில் கூடாது, அட்டெண்டர் உடை மாற்றித் தூங்கும் இடத்திலும் கூடாது. ஒரு பெண் உடை மாற்றுவதை அவள் அனுமதியின்றிப் பதிவு செய்வது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். அம்மாவுக்கும் மானம் உண்டு; டயாப்பர் மாற்றும்போது கேமரா பார்க்காதபடி திரை வேண்டும். அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகவே கூடாது. கேமராவால் தப்பைப் பிற்பாடு பார்க்கத்தான் முடியும். நேரம் சொல்லாமல் திடீரென்று வீட்டுக்கு வருகிற ஒரு மனிதரால்தான் தடுக்க முடியும்.

அம்மா கையில கருநீலமா இருக்கு. கேட்டா அட்டெண்டர் "தானா வந்துச்சு"ங்குறாங்க. எப்படி நம்புறது?

தானாக வரவும் செய்யும். வயதானவர்களின் முன்கையிலும் புறங்கையிலும் தோல் காகிதம் போல் இருக்கும், ரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிட்டால் லேசாக இடித்தாலே கன்றிப்போகும். ஆனால் மேல்கையின் உட்பக்கம், இரண்டு கையிலும் ஒரே இடத்தில் விரல் தடம், கழுத்து, காது, முதுகு, தொடையின் உட்பக்கம் இங்கெல்லாம் தானாக வருவது அரிது. நிறத்தை வைத்து எத்தனை நாள் பழசு என்று கணக்குப் போடாதீர்கள், அது தவறும். உடம்புக் காயம் இல்லாமலும் அறிகுறிகள் உண்டு: அந்த ஆள் அறைக்குள் வந்ததும் பேச்சு நிற்பது, கை நீட்டினால் ஒடுங்குவது, எடை குறைந்துகொண்டே போவது, நாம் கேட்கும் கேள்விக்கெல்லாம் அட்டெண்டரே பதில் சொல்வது.

அட்டெண்டரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் அம்மாவிடம் தனியாக, தமிழில், அவசரமில்லாமல் பேசுங்கள். "அவ அடிச்சாளா?" என்று கேட்காமல், "இது எப்படிம்மா ஆச்சு? அப்போ யார் இருந்தா?" என்று கேளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள், அன்றே டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். அதுவரை அந்த ஆளோடு அம்மாவைத் தனியாக விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 112. ஆலோசனைக்கு மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. பெங்களூரில் போலீசும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் முதியோர் உதவி எண் 1090. ஏஜென்சி "ஆளை மாத்திடறோம்" என்றால் அதோடு நிறுத்தாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், இல்லாவிட்டால் அதே ஆள் அடுத்த வாரம் ஜெயநகரில் வேறொரு அம்மாவின் கட்டிலருகே நிற்பார்.

பணம், நகை விஷயத்துல என்ன ஜாக்கிரதை?

ஏடிஎம் கார்டும் யுபிஐ பின் நம்பரும் அட்டெண்டரிடம் போகக் கூடாது, காய்கறி வாங்கக்கூட. தனியாகக் கொஞ்சம் பணம், ரசீதோடு கணக்கு. உடம்பில் இருக்கும் நகைகளை வேலைக்கு ஆள் சேரும் முதல் நாளே எழுதிப் போட்டோ எடுத்து வையுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரும் சேவையை வங்கிகள் அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொல்லியிருக்கிறது. உங்கள் கிளையில் கேளுங்கள்.

அட்டெண்டர் இல்லீங்க, அண்ணன் வீட்டுலதான் அம்மாவைச் சரியா பாக்குறதில்ல. வீட்டு விஷயத்தை வெளிய சொல்றதா?

சொல்லித்தான் ஆக வேண்டும். சாப்பாடு கொடுக்காமல் விடுவது, மருந்து வாங்காமல் விடுவது, அறையில் பூட்டுவது, கையெழுத்துக்கு நெருக்குவது இவற்றைச் செய்கிறவர் மகன் என்பதால் அவை சின்னதாகிவிடுவதில்லை. முதலில் அண்ணன் குடும்பம் களைத்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். பல வருஷம் ஒரே ஆள் தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்டால் பொறுமை அறுந்துபோகும். செலவையும் நாட்களையும் பங்கிட்டால் தீருகிற விஷயமா என்று நேராகக் கேளுங்கள்.

தீராவிட்டால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அம்மாவோ, அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்தவரோ, உதவி ஆணையர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதிக்கொடுத்து, அவர்கள் பார்த்துக்கொள்ளாவிட்டால், 23-ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். பெரியவரைக் கைவிட்டால் 24-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எதைச் செய்தாலும் அம்மாவின் விருப்பத்தைக் கேட்டுச் செய்யுங்கள். சுயநினைவோடு இருப்பவர் "வேண்டாம்" என்றால் அதற்கும் மதிப்பு உண்டு. அப்போது போய்ப் பார்ப்பதை அதிகமாக்குங்கள், உதவி எண்ணை அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அட்டெண்டருக்கு நாம என்ன செய்யணும்? சம்பளம் ஏஜென்சிக்குக் கொடுக்கிறோமே?

24 மணி நேர ஆள் என்றால் அவர் 24 மணி நேரமும் விழித்திருக்க முடியாது. இரவில் இரண்டு மணிக்கொருமுறை புரட்ட வேண்டியவருக்குப் பகலில் தொடர்ச்சியாகத் தூங்க நேரம் கொடுங்கள், அல்லது இரண்டு ஷிஃப்ட் வையுங்கள். தூங்காத கைதான் தவறான மாத்திரையை எடுக்கும். படுக்க இடம், நேரத்துக்குச் சாப்பாடு, வார விடுமுறை இவை கேட்டு வாங்க வேண்டியவை அல்ல. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். டயாப்பரைச் செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையில் குறியிட்டுத் தனியாகக் கொடுங்கள். குப்பை எடுப்பவரும் மனிதர்தான்.

மறதி நோயால் பெரியவர் அட்டெண்டரைத் தகாதபடி தொட்டால் "பாவம், அவருக்குத் தெரியாது" என்று மூடி மறைக்காதீர்கள். நோய் காரணமாக இருக்கலாம், தொடப்பட்டவருக்கு அது நடந்தது நடந்ததுதான். டாக்டரிடம் சொல்லுங்கள், ஆண் அட்டெண்டருக்கு மாறுங்கள். வீட்டில் இருக்கும் மற்ற ஆண்கள் அப்படி நடந்தால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தின்படி வீட்டு வேலை செய்பவர் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவில் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். அதை அவரிடம் சொல்ல வேண்டியது வேலை கொடுப்பவர்.

முதியோர் இல்லம் பார்க்கப் போறோம். எதைப் பார்க்கணும்?

வரவேற்பறையை விட்டுவிட்டு கழிவறைக்குப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறையும், இரவு ஏழு மணிக்கு மேல் ஒருமுறையும், சொல்லாமல் போங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்? அழைப்பு மணியை நீங்களே அழுத்தி எத்தனை நிமிஷத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். மாத எடைப் பதிவேடும், விழுந்தவர்கள் பதிவேடும் கேளுங்கள். "எங்ககிட்ட யாரும் விழுந்ததே இல்ல" என்றால் எழுதி வைக்கவில்லை என்று அர்த்தம். தீ பிடித்தால் நடக்க முடியாதவர்களை எந்த வழியாக இறக்குவார்கள், அந்தக் கதவு இப்போது பூட்டியிருக்கிறதா? தமிழ் பேசும் ஊழியர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவராவது உண்டா? பார்க்க வருவதற்கு நேரக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருக்கும் இடத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அப்பா மறதி நோய்க்காரர். தினமும் "இவன் திருடுறான், அடிக்கிறான்"ங்குறார். நோயா, நிஜமா?

இரண்டுமே இருக்கலாம், அதுதான் சிக்கல். மறதி நோயில் வைத்த பொருள் கிடைக்காதபோது யாரோ திருடிவிட்டார்கள் என்று தோன்றுவது மிகச் சாதாரணம். அதையே சாக்காக வைத்துக்கொண்டு உண்மையில் திருடுகிறவர்களும் உண்டு. இவர் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் "நோய்தான்" என்று ஒதுக்கவும் வேண்டாம், உடனே அந்தப் பையனை வெளியேற்றவும் வேண்டாம்.

சொல்வதை வரி வரியாகத் தேதியோடு எழுதுங்கள். எல்லோர் மேலும் சொல்கிறாரா, இந்த ஒருவர் மேல் மட்டுமா? அந்த ஆள் லீவில் இருக்கும் நாளிலும் சொல்கிறாரா? பொருள் பிறகு தலையணை உறையிலோ அரிசி டப்பாவிலோ கிடைத்ததா? சொல்லும்போது பயம் தெரிகிறதா, உடம்பில் முன்பு சொன்ன இடங்களில் தடம் உண்டா? இரண்டு வாரம் எழுதினால் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மருந்து இவற்றை டாக்டர் பார்க்கட்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் முதியோர் மனநலத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அடிக்கிறான் என்று சொல்வது மட்டும் இரண்டு வாரம் காத்திருக்காது. அன்றைக்கே உடம்பைப் பார்த்து, தெளியும்வரை வேறு ஆளை வையுங்கள். அந்தப் பையனிடம் "உன் மேல் பழி போடவில்லை, விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று நேரில் சொல்லி, அந்த நாட்களுக்கான சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்துவிடுங்கள்.